அண்ணன் எடுத்த பூ

எங்கள் ஊரில் யார் வீட்டில் எந்த முடிவு எடுக்க வேண்டுமென்றாலும் என் அண்ணனைத்தான் கூப்பிட வருவார்கள். இப்படிச் சொன்னால் அண்ணன் பெரிய அறிவாளி என்று நினைத்துக்கொள்வீர்கள். அதெல்லாம் இல்லை. அவனுக்குப் பத்துக்கு மேல் எண்ண வராது. மீசை முளைத்த பிறகும் சட்டைப் பொத்தானை ஏறுக்குமாறாக மாட்டிக்கொண்டு நிற்பான். பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தவனை, கடைசியில் வாத்தியாரே கையைப் பிடித்துக் கூட்டிவந்து அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனார். ஊரில் நல்லவர்கள் அவனை வெள்ளந்தி என்றார்கள். வாய்க் கொழுப்பெடுத்தவர்கள் வேறு மாதிரியும் சொன்னார்கள். அவர்களை நான் சும்மா விட்டதில்லை. வயதில் அவனுக்கு ரொம்ப இளையவள் என்றாலும் என் வாய் அப்போதே நாலு தெருவுக்குக் கேட்கும்.

அவனைக் கூப்பிட வந்ததற்குக் காரணம் பூ. திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டிக்குப் போகிற சாலையில், ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஊர். ஊர்க் கோடியில் காளியம்மன் கோவில். கல்யாணம் பேசலாமா, கிணறு வெட்டலாமா, நிலத்தை விற்கலாமா என்று மனசு இரண்டாக நின்றால் அங்கே பூக்கட்டிப் பார்ப்பார்கள். ஒரே அளவில் இரண்டு வாழையிலைத் துண்டு எடுத்து, ஒன்றில் சிவப்பு அரளியும் இன்னொன்றில் வெள்ளை அரளியும் வைத்து மடித்து, நாரால் கட்டி அம்மன் காலடியில் போடுவார்கள். சிவப்பு வந்தால் ஆத்தா உத்தரவு கொடுத்துவிட்டாள். வெள்ளை வந்தால் வேண்டாம் என்று அர்த்தம். பூவைக் கட்டிக்கொண்டு வருவது கேட்கிற வீட்டுக்காரர்களின் பொறுப்பு. எடுக்கிற கை மட்டும் கள்ளமில்லாத கையாக இருக்க வேண்டும். மற்ற ஊர்களில் சின்னப் பிள்ளைகளை எடுக்கச் சொல்வார்களாம். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் பிஞ்சிலே பழுத்தவர்கள், அவர்களை நம்பி யார் கேட்பது? அதனால் அண்ணன்.

அவனும் அந்த வேலையை அப்படிப் பயபக்தியாகச் செய்வான். குளித்து, தலை துவட்டி, திருநீறு பூசிக்கொண்டு போவான். கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு ஒரே எட்டில் ஒரு பொட்டலத்தை எடுத்துப் பூசாரியிடம் நீட்டுவான். மிச்சமிருக்கிற பொட்டலத்தை யாரும் பிரித்துப் பார்க்கக் கூடாது. அதைக் கொண்டுபோய் வாய்க்காலில் விடுவதும் அவன்தான். ஒரு தடவை மேலத் தோட்டத்துக்காரருக்குக் கிணறு வெட்டச் சிவப்பு எடுத்துக் கொடுத்தான். தண்ணீர் பொங்கிக்கொண்டு வந்துவிட்டது. அந்த மனுஷர் சந்தோஷத்தில் திண்டுக்கல்லுக்குப் போய் அண்ணனுக்கு ஒரு காக்கி அரைக்கால் சட்டை எடுத்துவந்தார். அவர் ஒரு வேட்டி எடுத்திருந்தால் நான் இதையெல்லாம் எழுத வேண்டியிருந்திருக்காதோ என்னவோ.

காக்கியைப் போட்டதும் அண்ணன் பட்டாளத்துக்காரன் ஆகிவிட்டான். ரோட்டில் போகிற ஒவ்வொரு பஸ்ஸுக்கும் விறைப்பாக நின்று சலாம் வைப்பான், என்றைக்கோ ஒரு பஸ்ஸில் சிப்பாய்கள் போனதைப் பார்த்துவிட்டானாம். சுதந்திர தினத்தன்று பள்ளிக்கூடத்தில் கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொள்ள விடுவார்கள். அன்றைக்கு முழுக்கச் சாப்பாடு இறங்காது அவனுக்கு.

எங்கள் அத்தை மகன் ஒருவர் ராணுவத்தில் இருந்தார். சமையல் பகுதியில் ஹவில்தார். லீவில் வந்தால் எங்கள் வீட்டுக் கோழி ஒன்று காலி. அவருடைய பூட்ஸை அண்ணன் காலில் மாட்டிக்கொண்டு களத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பான். ஒரு முறை அத்தான் சாப்பிட்டு முடித்த நிறைவில் சும்மா பெருமைக்குச் சொன்னார், "நாங்க அங்க நிக்கிறதுனாலதான்டா நீங்க இங்க காலை நீட்டித் தூங்குறீக."

அத்தான் சொன்னதை மறந்துவிட்டு ஏப்பம் விட்டார். அண்ணன் மறக்கவில்லை. அன்றிலிருந்து சாயங்காலமானால் தோட்டத்து வரப்பில், ஒற்றைப் பனைமரத்துக்குப் பக்கத்தில் போய் ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பான். சோறு ஆறிப்போகும். அம்மா போய்க் கூப்பிட்டால், "செத்த நேரம் நின்னுட்டு வாரேன்மா. மச்சான் அங்க நிக்கிறாரு. நான் மட்டும் படுத்துக் கெடந்தா நல்லாவா இருக்கு?" என்பான்.

அம்மா திரும்பி வந்து சோற்றை மூடி வைப்பாள். யோசித்துப் பார்த்தால் எங்கள் ஊரிலேயே அந்தக் கேள்வியைக் கேட்டவன் அவன் ஒருவன்தான்.

அறுபத்திரண்டில் சீனாக்காரனோடு சண்டை வந்தது. டீக்கடை ரேடியோவைச் சுற்றிக் கூட்டம். திண்டுக்கல் மலைக்கோட்டைக்குக் கீழே இருக்கிற மைதானத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. ஒரு நாள் காலையில் அண்ணனைக் காணோம். தண்ணீர் இறைக்கிற கமலையில் மாடு பூட்டியபடி நிற்கிறது, ஆளைக் காணோம். அம்மா நேராகக் கிணற்றடிக்குத்தான் ஓடினாள். எட்டிப் பார்க்கத் தைரியமில்லாமல் கல்லைப் பிடித்துக்கொண்டு, "ஏலே, எட்டிப் பாருங்களேன்டா, எம்புள்ள உள்ள கெடக்கானான்னு பாருங்களேன்" என்று அவள் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. 

பொழுது சாயும்போது ரோட்டோரமாக நடந்து வந்தான். முகமெல்லாம் புழுதி, வாயெல்லாம் பல்.

"என்னய அப்புறம் வரச் சொல்லிட்டாக!"

வரிசையில் அவனுக்குப் பின்னால் நின்ற எங்கள் ஊர்ப் பையன்கள் நடந்ததைச் சொன்னார்கள். மார்பளவு எடுத்தவன் அசந்துபோனானாம். ஓட்டத்திலும் அண்ணன்தான் முன்னால். பிறகு ஒரு அதிகாரி, பெயர் என்ன, ஊர் என்ன, வயது என்ன என்று கேட்டிருக்கிறார். வயதைக் கேட்டதும் அண்ணன் கைவிரல்களை விரித்துக் காட்டிவிட்டு, போதவில்லை என்று முழித்திருக்கிறான். வரிசை முழுக்கச் சிரிப்பு. அந்த அதிகாரி மட்டும் சிரிக்காமல் அவன் முதுகில் தட்டி, "அப்புறம் வா தம்பி" என்று அனுப்பிவிட்டார். நல்ல மனுஷராகத்தான் இருந்திருப்பார். ஆனால் நல்ல மனுஷர்கள் ஒப்புக்குச் சொல்கிற பொய்களையெல்லாம் என் அண்ணன் நிஜம் என்று எடுத்துவைத்துக்கொள்வான். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அந்த மைதானத்துக்கு நடந்தே போனான். ஆடு மேய்ந்துகொண்டிருக்கும் காலி மைதானத்தில் வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பி வருவான். போகாதே என்று சொன்னால், "வரச் சொல்லிருக்காகல்ல?" என்பான்.

அடுத்த லீவில் வந்த அத்தான் இதைக் கேள்விப்பட்டுக் கண் கலங்கிப்போனார். இரண்டு நாள் யோசித்துவிட்டு அப்பாவிடம் வந்து உட்கார்ந்தார்.

"மாமா, துப்பாக்கி தூக்குற வேலைக்குச் சொல்லல. எங்க சமையக் கொட்டகையில தண்ணி சொமக்க, வெறகு பொளக்க வெளியாளுகள வச்சுக்குவாக. நான் பேசிப்புட்டேன். பெங்களூருப் பக்கம்தான். சண்டை நடக்குற எடத்துக்கெல்லாம் போகமாட்டான். என் கண்ணு முன்னாலயே இருப்பான். காக்கியும் குடுப்பாக."

பக்கத்தில் அண்ணன் நின்றான். அப்பா முகத்தையே பார்த்தான்.

"இங்க தண்ணி இல்லையா, வெறகு இல்லையா?" என்றார் அப்பா.

அம்மா கதவோரத்தில் நின்றுகொண்டு, "அந்தப் புள்ள இதுநாள் வரைக்கும் ஒண்ணு வேணும்னு வாய் தொறந்து கேட்டதில்ல. போய்ட்டுத்தான் வரட்டுமே" என்றாள். அம்மா அவ்வளவு பேசியதே அதிசயம்.

அப்பாவுக்குப் பயம். தெரியாத ஊரில் பிள்ளையை யார் அடிப்பார்களோ, யார் கேலி செய்வார்களோ என்கிற பயம். பாசமும்தான், இல்லையென்று சொன்னால் எனக்கு வாய் வெந்துபோகும். ஆனால் கமலையையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். விடிந்ததிலிருந்து மாட்டை முன்னும் பின்னும் ஓட்டித் தண்ணீர் இறைக்க அண்ணனைப் போல முகம் சுளிக்காத ஆள் எங்கே கிடைப்பான்? எங்கள் பூந்தோட்டம் முழுக்க அவன் இறைத்த தண்ணீரில்தான் நின்றது. அப்பா நேராக முடியாது என்று சொல்லியிருக்கலாம். அப்பா சொல்லை அண்ணன் ஒரு நாளும் தாண்டியதில்லை. கொஞ்ச நாள் அழுதிருப்பான், பிறகு மாட்டோடு போயிருப்பான். ஆனால் அப்பாவுக்கு அவன் கண்ணைப் பார்த்து முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"வெள்ளிக்கிழமை ஆத்தாகிட்டக் கேப்போம். அவ என்ன சொல்றாளோ அதுதான்" என்றார்.

அண்ணனுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! ஊருக்கெல்லாம் எடுத்துக் கொடுத்த கை, தனக்கு எடுக்கப்போகிறது. என்னைக் கூப்பிட்டு, "பாப்பா, நான் போனதுக்கப்புறம் பனைமரத்துகிட்ட நீ நின்னுக்க. பயமா இருந்தா நாயக் கூட்டிக்க" என்று பொறுப்பை ஒப்படைத்தான். நான் சரி என்று தலையாட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அப்பாவே தோட்டத்துக்குப் போய்ப் பூவைப் பறித்துப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தார். அண்ணன் துவைத்த காக்கியைப் போட்டிருந்தான். அத்தான் பயணத்துக்கு மூட்டை கட்டி வைத்துவிட்டு வந்திருந்தார். பூசாரி பொட்டலங்களை அம்மன் காலடியில் போட்டுக் கலைத்துவிட்டு, "எடு அப்பு" என்றார்.

எப்போதும் சட்டென்று எடுக்கிறவன் அன்றைக்கு எடுக்கவில்லை. கண்ணை மூடி நின்றுகொண்டே இருந்தான். உதடு அசைந்தது. என்ன கேட்டானோ. பிறகு ஒன்றை எடுத்துக் கொடுத்தான். பூசாரி நாரை அவிழ்த்தார்.

வெள்ளை.

"உத்தரவில்லப்பு" என்றார் பூசாரி. அவருக்கே குரல் இறங்கிவிட்டது. அத்தான் அண்ணன் தோளைத் தொட்டுவிட்டு வெளியே போய்விட்டார். அண்ணன் அழவில்லை. வழக்கம்போல மிச்சப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்கு நடந்தான்.

வெகு நேரம் கழித்து வீட்டுக்கு வந்தான். அப்பா தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தாள். நான் தொட்டுக்கொள்கிற வெஞ்சனக் கிண்ணத்தோடு நின்றேன். அண்ணன் உள்ளே வந்து கையை விரித்துக் காட்டினான். கசங்கிய வாழையிலையில் வெள்ளை அரளி.

"எனக்கு வராத சிவப்ப ஒரு தடவ பாத்துக்குருவம்னு பிரிச்சேன்மா. தப்புத்தான். பாத்தா அதுலயும் வெள்ளைதான் இருக்கு. ஆத்தா என்னய ரெண்டு தடவ வேணாம்னுட்டாம்மா."

அம்மாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. அப்பாவைப் பார்த்தாள். அப்பா தட்டைப் பார்த்தார். எனக்குக்கூடப் புரிந்துவிட்டது. அண்ணனுக்கு மட்டும் புரியவில்லை, ஏனென்றால் அப்படியெல்லாம் செய்ய முடியும் என்பதே அவனுக்குத் தெரியாது.

அவன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன பிறகு அம்மா பேசினாள். "சாமி கண்ணுலயே மண்ணத் தூவிட்டு வந்து சோறு தின்ன உட்காந்துட்டீகளா?"

"எம்புள்ள எங்கிட்டயே இருக்கணும்னு நெனச்சேன். அது குத்தமா?"

"வேணாம்டான்னு நீங்க சொல்லியிருந்தா அவன் தாண்டவா போறான்? ஆத்தா மேல எதுக்குப் பழியப் போட்டீக? இனிமே அவன் யாரப் போயிக் கும்புடுவான்?"

அப்பா கையைக் கழுவினார். இப்போதாவது அவனிடம் சொல்லுங்கள் என்று அம்மா கெஞ்சினாள். சொன்னால் ஊருக்குத் தெரியும், அண்ணன் எடுத்த பூவையெல்லாம் ஊர் சந்தேகப்படும், முடிந்த கல்யாணங்களும் வெட்டின கிணறுகளும் வாய்க்கு வாய் கிடந்து அல்லாடும் என்றார் அப்பா. பேசத் தெரிந்த மனுஷர். அம்மாவும் கடைசியில் வாயை மூடிக்கொண்டாள். சாமி வேண்டாம் என்றுவிட்டதாக நினைக்கிற பிள்ளைக்கு, அப்பனும் ஏமாற்றினான் என்று சொல்லி இருக்கிற ஒன்றையும் பிடுங்குவதா என்று நினைத்தாளாம். இதை எனக்குக் கல்யாணமான பிறகு சொன்னாள். அது சரியா தப்பா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. அத்தான் மறுநாள் தனியாக ரயிலேறிப் போனார்.

அதற்குப் பிறகு அண்ணன் யாருக்கும் பூ எடுக்கவில்லை. வீடு தேடி வந்து கூப்பிடுவார்கள். "என் கை ஆத்தாளுக்குப் பிடிக்கல" என்று கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வான். கோவில் பக்கமே போகமாட்டான். பஸ்ஸுக்குச் சலாம் நின்றது. சாயங்காலம் பனைமரத்தடியில் நிற்பதும் நின்றது. காக்கி அரைக்கால் சட்டையைத் தோட்டத்துப் பொம்மைக்கு மாட்டிவிட்டான். குருவி விரட்ட நிற்கிற வைக்கோல் பொம்மை. "நான் நிக்கக் கூடாதுல்ல. அது நிக்கட்டும்" என்றான்.  அப்பாவோடு ரொம்ப நாள் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மாடு மட்டும் முன்னும் பின்னும் போய் வந்தது. தோட்டம் பச்சையாகத்தான் இருந்தது.

அறுபத்தைந்தில் மறுபடியும் சண்டை, இந்தத் தடவை பாகிஸ்தானோடு. அத்தான் அதற்கு முந்தியே காலில் அடிபட்டுப் பட்டாளத்தை விட்டு வந்து செம்பட்டியில் கடை போட்டுவிட்டார். இனிமேல் அண்ணனைக் கூட்டிப்போக யாரும் இல்லை. திண்டுக்கல் ஸ்டேஷன் வழியாகச் சிப்பாய்கள் ரயிலில் போனார்கள். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் சோறு கட்டிக்கொண்டு போய் ஜன்னல் ஜன்னலாகக் கொடுத்தார்கள். அம்மா ஒரு அண்டா புளிச்சோறு கிளறினாள். நாங்கள் உட்கார்ந்து இலையில் பொட்டலம் கட்டினோம். அண்ணனும் கட்டினான். வாழையிலையை மடித்து நாரால் கட்டுகிற அவன் கையைப் பார்க்க முடியாமல் அப்பா எழுந்து வெளியே போனார்.

பெரிய கூடையை அண்ணன்தான் தலையில் சுமந்து வந்தான். ஸ்டேஷன் வந்ததும் வெளியே கம்பி வேலிக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டான். ரயில் வந்து நின்றிருந்தது. உள்ளே ஒரே சத்தம், சிரிப்பு. ஒரு சிப்பாய் ஜன்னலிலிருந்து கையை ஆட்டி அவனைக் கூப்பிட்டான்.

"வாண்ணே, கூப்புடுறாகல்ல" என்று நான் இழுத்தேன்.

"நான் வரக் கூடாது பாப்பா. ஆத்தா வேணாம்னுட்டா."

பிளாட்பாரத்துக்குள் போயிருந்த அப்பா திரும்பி வந்தார். அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அண்ணன், நடுவில் வேலி. அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே அப்பு, ஆத்தா ஒண்ணும் சொல்லலடா. நான்தான் ரெண்டுலயும் வெள்ளையக் கட்டினேன். ஒன்னய விட மனசில்லாம நான்தான் கட்டினேன். அவ மேல தப்பில்ல. வாடா உள்ள."

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அப்பா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அண்ணன் கூடையோடு நின்று ரொம்ப நேரம் யோசித்தான். அவனுக்கு எதையும் யோசிக்க நேரமாகும். கோபம் வந்ததாகத் தெரியவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப, சிவப்பும் வச்சிருந்தா, எனக்குச் சிவப்பு வந்திருக்குமாப்பா?" என்று கேட்டான்.

அப்பா துண்டை எடுத்துவிட்டு அவனைப் பார்த்தார்.  வந்திருக்கும் என்று சொன்னால் அது இன்னொரு பொய். வராது என்று எப்படிச் சொல்வார்? என்னைப் பார்த்தார், நான் என்ன செய்ய? அண்ணன் பதிலுக்காகப் பொறுமையாகக் காத்திருந்தான். ரயில் ஊதியது.

"தெரியலடா" என்றார் அப்பா.

அண்ணன் சரி என்பது போலத் தலையாட்டினான். தலையிலிருந்த கூடையை இறக்கி, இரண்டு கையாலும் வேலிக்கு மேலே தூக்கி அப்பாவிடம் நீட்டினான்.

"நீ போயிக் குடுப்பா. ஒன்னய யாரும் வேணாம்னு சொல்லலையில்ல."

அப்பா கூடையை வாங்கிக்கொண்டு ரயிலைப் பார்த்து ஓடினார்.